நம் காலடி நிலம் வந்த வழி

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தனர். அவர்கள் கால்வைத்த இந்நிலமும் தெற்கிலிருந்து வந்ததே!

கண்டங்கள் நகர்கின்றன என 1912இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர் உரைத்தபோது பலர் ஏற்க மறுத்தனர். இன்று அதில் ஐயமில்லை.

தெமியாங் அமைந்துள்ள தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் இந்தியாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தைச் சேர்ந்தவை. மேற்குப் பாதி ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே நகர்ந்தது. பின்னர்க் கிழக்குப் பாதியோடு மோதி இணைந்தது. அந்தத் தழும்பு பெந்தோங், ரவுப் வட்டாரப் பாறைகளில் இன்றும் உள்ளது. அக்காலத்தில் பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு இறுகித் திதிவங்சா மலையின் கருங்கல்லாயிற்று. சிரம்பானில் தோண்டியெடுத்த வெள்ளீயமும் அதன் கொடையே.

இந்தியா பிந்தியே புறப்பட்டது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவை முட்டவே இமயம் எழுந்தது. இன்றும் அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது.