கம்பியில்லாப் பிளாஷ்: பழுது காணும் முறை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களின் திருமண மண்டபங்களில், படம் பிடிப்போர் கம்பியில்லா இயக்கியால் பிளாஷ் விளக்குகளை ஒளிரச் செய்கின்றனர். மணவினையின் ஒரு கணம் மீண்டும் வாராது. ஆதலின் விளக்கு ஒளிராவிடின் பழுதை ஒழுங்குமுறையாக ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் இயக்கியின் சோதனைப் பொத்தானை அழுத்துக. விளக்கு ஒளிருமாயின் அலைத்தொடர்பு நன்று. பழுது கமராவின் பக்கத்தது. உப்புக்காற்றினால் கமராவின் உச்சியிலுள்ள உலோகத் தொடுகைகளிற் களிம்பு படியும். உலர்ந்த துணியால் துடைக்க. ஓசையில்லா இலத்திரனியல் ஷட்டரைப் பயன்படுத்தினும் பல கமராக்களில் விளக்கு ஒளிராது.

சோதனையிலும் ஒளிராதாயின் மின்கலங்களையும், இரு கருவிகளின் அலைவரிசை எண்களையும் ஒப்புநோக்குக. இவ்வியக்கிகளுட் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்குவன. வைஃபையும் அவ்வலையிலேயே உலவும். நீர் மிகுந்த மனித உடல் அதனை உறிஞ்சும். ஆகவே சனத்திரளில் வாங்கியைத் தலைகளுக்கு மேலாக உயர்த்துக. பின்னர் அலைவரிசையை மாற்றுக.

படத்திற் கரும்பட்டை தோன்றின் குற்றம் அலையினதன்று. ஷட்டரின் வேகம் மிகுந்தமையே காரணம். அதனை 1/200 வினாடியளவிற்குத் தாழ்த்துக.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி நோக்குபவர்க்குப் பழுதின் காரணம் புலப்படும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுபவர் ஒளியைப் பெறினும் காரணத்தை அறியார். அடுத்த மண்டபத்தில் மீண்டும் இடர்ப்படுவர்.