டெங்கு எண்ணிக்கை கையில் வந்தால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மாரி மழை விட்டு, கிணறும் பீலியும் நிரம்பிக் கிடக்கும் நாட்களில் திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் டெங்கு எண்ணிக்கைகள் சுற்றத் தொடங்கும். 2017 மார்ச்சில் டெங்கு காரணமாகக் கிண்ணியாவில் பாடசாலைகளையே சில நாட்கள் மூட வேண்டி வந்தது. எண்ணைப் பார்த்து வீணாகப் பதறியவர்களையும் கண்டிருக்கிறேன். "எங்கட பக்கம் குறைவுதானே" என்று இருந்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களையும் கண்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

• "எத்தனை பேரில்?" என்று முதலில் கேளுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம். இங்கே 400 நோயாளர், அங்கே 2,000 என்று வையுங்கள். இலட்சம் பேருக்கு இங்கே 105, அங்கே 87. நமக்குத்தான் ஆபத்து கூட.

• "எந்தக் காலத்துக்குள்?" என்றும் கேளுங்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் ஒவ்வொரு நோய்க்கும் ஏ, பி என்று இரண்டு நிரல்கள் இருக்கும். ஏ அந்த வாரத்துக்கு மட்டும். பி வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டியது. கூட்டுத்தொகை ஏறத்தான் செய்யும்.

• அந்த அறிக்கையின் அட்டவணையில் கடைசி நிரல்களையும் பாருங்கள். வர வேண்டிய அறிக்கைகளில் எத்தனை சதவீதம் வந்து சேர்ந்தன என்பது அங்கேதான் இருக்கிறது. பாதி வராத வாரத்தில் எண் இறங்கினால் நோய் இறங்கியதாக அர்த்தமில்லை.

• இந்த மாதத்தைப் போன வருடங்களின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். நமக்கு வடகீழ்ப் பருவமழை, கொழும்புக்குத் தென்மேல். 2017இல் நாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டதைக் கொழும்பு நடுப்பகுதியில்தான் பட்டது.

• வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது, நீங்கள் உண்மையில் தங்கியிருந்த வீட்டு முகவரியைச் சொல்லுங்கள். இதை இன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அறிவித்தல் படிவம் அந்த முகவரிக்குரிய எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) புறப்பட்டு வந்து, உங்கள் வளவையும் அக்கம்பக்கத்தையும் பார்ப்பார். கிண்ணியாவில் இருந்துகொண்டு நகரத்து மாமி வீட்டு முகவரியைக் கொடுத்தால், நகரத்தின் கணக்கில் ஒருவர் கூடுவார், கிண்ணியாவின் கணக்கில் ஒருவர் குறைவார். புகை அடிப்பதும் மாமி வீட்டில்தான். உங்கள் பிள்ளையைக் கடித்த நுளம்பு பெருகிய தண்ணீர்த் தாங்கியை ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

• பி.எச்.ஐ. வந்தால் படலையைத் திறந்துவிடுங்கள். பார்த்த 100 வீடுகளில் எத்தனை வீட்டில் நுளம்புக் குடம்பி இருந்தது என்பதை வைத்துத்தான் அடுத்து எங்கே போவது என்று முடிவெடுக்கிறார்கள். பூட்டிய வீடு அந்தக் கணக்கில் வராது.

செய்யக்கூடாதவை

• இறப்பு வீதம் சிறிது என்று அசட்டையாக இருக்காதீர்கள். 2017இல் நாடு முழுவதும் 186,101 நோயாளர்கள் அறிவிக்கப்பட்டார்கள்; 440 பேர் இறந்தார்கள். ஆயிரம் நோயாளருக்கு இரண்டு பேர் சொச்சம்தான். ஆனாலும் 440 வீடுகளில் சாவு விழுந்தது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

• மாவட்டச் சராசரியைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். கோமரங்கடவெலயில் ஒருவருக்கும் இல்லாத நோய் உப்புவெளியில் ஒரு வீதியையே பிடித்திருக்கலாம். உங்கள் எம்.ஓ.எச். பிரிவின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

• நாட்பட்ட நோயை டெங்கு போல எண்ணாதீர்கள். நமது மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரவில் காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய் பல வருடங்களாக இருக்கிறது. அங்கே இரண்டு கேள்விகள் வேண்டும்: இந்த வருடம் புதிதாக எத்தனை பேர்? இன்று நோயோடு வாழ்பவர் எத்தனை பேர்? டயாலிசிஸ் ஒழுங்காகக் கிடைத்து ஆட்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் இரண்டாவது எண் ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டு ஊரையே கைவிட்டதாகப் பேசாதீர்கள், அத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள்.

• பரிசோதனை முகாம் நடந்த கையோடு எண் கூடினால் பதறாதீர்கள். தேடாமல் இருந்தபோதும் அந்த நோயாளர்கள் இருந்தார்கள்.

• வீதியில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் அட்டவணை வரும்வரை காத்திருக்காதீர்கள். நுளம்பு கடித்துக் காய்ச்சல் வர நாலு முதல் பத்து நாள். வைத்தியசாலைக்குப் போய், அறிவித்து, அச்சில் வர இன்னும் நாள் பிடிக்கும். அறிக்கையில் உங்கள் வீதி தெரியும்போது அடுத்த சுற்று நுளம்பு பறந்துகொண்டிருக்கும். பி.எச்.ஐ.க்கு இன்றே போன் எடுங்கள்.