திரும்பி வருவதற்கான ஸ்டார்ட்

அன்புள்ள தம்பிக்கு,

பிச்சாவரத்தில் மோட்டார் போட் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மனம் நிறைந்தது. புவனகிரியில் டிராக்டரும் ஆயில் எஞ்சினும் பார்த்துப் பழகிய கை உன்னுடையது. எஞ்சின் உனக்குப் புதிதில்லை. ஆனால் வயலில் டிராக்டர் நின்றுபோனால் இறங்கி நடந்து வந்துவிடலாம். சின்னவாய்க்கால் பக்கம் போட் நின்று, அது தண்ணீர் வற்றுகிற நேரமாகவும் இருந்தால், உன்னையும் ஏறி வந்தவர்களையும் நீரோட்டம் முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

காலையில் துறையில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் போதும் என்றுதான் பலரும் இருக்கிறார்கள். அங்கே பிடிக்காவிட்டால் போவது ஒரு சவாரி மட்டும்தான். பக்கத்தில் ஆள் உண்டு, மாற்று பேட்டரி உண்டு. கால்வாய்களைத் தாண்டிப் போன பிறகு, படம் எடுக்க வேண்டும் என்று போட்டில் இருப்பவர்கள் கேட்க, நீ எஞ்சினை அணைப்பாய். அதற்குப் பிறகு போடுகிற ஸ்டார்ட்டை நினைத்துக்கொண்டே காலைச் சோதனை முழுவதையும் செய்.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுவதும் ஓய்ந்து கிடந்த பேட்டரிதான் உண்மை சொல்லும். சாவியைத் தொடுமுன் மீட்டரை வைத்துப் பார். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் கிளம்பாதே. சவாரி முடித்து வந்த உடனே பார்த்தால் 13 காட்டும். அந்த எண்ணை நம்பாதே, சற்று நேரத்தில் இறங்கிவிடும். ஸ்டார்ட் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுகிற பேட்டரி, ஓய்வில் எவ்வளவு காட்டினாலும் பலவீனமானதுதான். எஞ்சின் பிடித்தபின் கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்க்கும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். காலை ஸ்டார்ட் சுலபமாகப் போகும், நடு வழியில் மாட்டிக்கொள்வாய்.

நம் கால்வாய்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், வேகமாக ஓட்டக் கூடாது. ஆனால் மெதுவாக ஓடும் எஞ்சின் பேட்டரிக்குச் சொற்ப சார்ஜ்தான் கொடுக்கும். நாலைந்து தடவை அணைத்துப் போட்டால் எடுத்தது திரும்பி ஏறியிருக்காது. அதனால் வாரம் ஒரு ராத்திரியாவது கரையில் சார்ஜரில் போடு, காற்றோட்டமான இடத்தில். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயு ஒரு பொறிக்கே வெடிக்கும்.

டெர்மினலில் பூத்த வெள்ளையையும் பச்சையையும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவு. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

அடுத்து பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, போட்டின் அடியில் போய்த் தங்கும். அந்த அடிப்பகுதியின் மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார். வாடை வந்தால் ஒழுகல் எங்கே என்று கண்டுபிடித்து, காற்று போகவிட்டு, பிறகுதான் சாவி. இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஃபில்டர் கிண்ணத்தை அடிக்கடி பார்.

ஆயில் அளவைப் பார், கியர் நியூட்ரலா என்று பார், கில் ஸ்விட்ச் கயிறு உன் உடம்பில் மாட்டியிருக்கிறதா என்று பார். எஞ்சின் பிடித்ததும் பின்பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று கவனி. வராவிட்டால் உடனே அணை. குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இறக்கை தண்ணீரில்லாமல் சுற்றினால் சீக்கிரமே கருகிப்போகும். சாயங்காலம் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினைக் கழுவாமல் வீட்டுக்குப் போகாதே. உப்பு உள்ளே காய்ந்து வழியை அடைத்துவிடும்.

போட்டின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரைக் கால்வாயில் இறைக்காதே. வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேர்களால் மூச்சு விடுகிறது. அதன் துளைகளை எண்ணெய் மூடினால் மரம் பட்டுப்போகும். 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த காடு இது. உனக்கும் எனக்கும் சோறு போடுவதும் இதுதான். ஒரு டப்பாவில் பிடித்துக் கரைக்குக் கொண்டு வா.

துடுப்பும் நங்கூரமும் நீளமான கயிறும் இல்லாமல் எந்த நாளும் கிளம்பாதே. எஞ்சின் அணைந்தால் முதலில் நங்கூரத்தைப் போடு, பிறகு கோளாறைத் தேடு.

காணும் பொங்கலன்று கூட்டம் அலைமோதும். மீட்டர் 12.2 காட்டுகிறது, மேலே இருப்பவர் "போய் வா, ஒண்ணும் ஆகாது" என்கிறார் என்று வைத்துக்கொள். சத்தம் போடாமல், ஆனால் உறுதியாக, அந்தப் போட்டை எடுக்க மாட்டேன் என்று சொல். வரிசையில் நிற்பவர்களை வேறு போட்டில் ஏற்றிவிட்டு, நீ சார்ஜரை மாட்டு.

அன்புடன்,
உன் அண்ணன்