ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறீர்களா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜெர்மனியின் பொதுப் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் பெரும்பாலும் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய சில வாரங்களில் இங்கே வீடு முழுக்கப் பெட்டி கட்டும் வேலைதான். தெர்மல் உடை, குக்கர், சாம்பார்ப் பொடி என்று ஒன்றுவிடாமல் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். அட்மிஷன் லெட்டரோடு வந்த இணைப்புகளை மட்டும் பல வீடுகளில் யாரும் முழுதாகப் படித்திருப்பதில்லை. குளிரும் சாப்பாடும் ஒரு மாதத்தில் பழகிவிடும். தவறவிட்ட தேதியும் கையில் இல்லாத தாளும் ஒரு செமஸ்டரையே கொண்டுபோய்விடும். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

“பிளாக்டு அக்கவுண்ட்டில் பணம் கட்டியாச்சு. கையில் எதற்குத் தனியாக?”

2024 செப்டம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு அந்தக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. பணம் உங்களுடையதுதான். ஆனால் மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே வரும். அதுவும் நீங்கள் அங்கே போய் நடப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அந்த விவரத்தைக் கொடுத்த பிறகு. கணக்குத் தொடங்கப் போனால் சில வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரிப் பதிவுக்கு நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

செலவு அதுவரை காத்திருக்காது. முதல் மாத வாடகை, அட்வான்ஸ், செமஸ்டர் கட்டணம், சிம் கார்டு, போர்வை எல்லாம் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். அட்வான்ஸாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்க அங்கே வீட்டு உரிமையாளருக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவே, முதல் ஆறு வாரத்துக்கான பணம் ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக இருக்க வேண்டும். மாணவர் விடுதியில் அறை உறுதியானவர்களுக்கே 1,500 யூரோவாவது வேண்டும் என்பது என் கணக்கு. தனியார் அறை என்றால் இன்னும் கூடும்.

பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று முதல் மாதத்தை நம்பிப் போகாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் வேலை தருபவர் வரி எண் கேட்பார். அந்த எண், முகவரியைப் பதிவு செய்த பிறகு தபாலில்தான் வரும்.

“போன பிறகு ரூம் பார்த்துக்கொள்ளலாம், சீனியர் இருக்கிறான்.”

சீனியர் சில நாள் தங்க இடம் கொடுப்பார். அவரால் பெரும்பாலும் கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது: நீங்கள் அங்கே குடியிருப்பதாக வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் படிவம் இல்லாமல் பதிவு நடக்காது. வரி எண், விசா முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டிய குடியிருப்பு அனுமதி இரண்டுமே இந்தப் பதிவைத் தொட்டுத்தான் நகரும். வாடகையை வாங்கிக்கொண்டு “பதிவு மட்டும் பண்ணக் கூடாது” என்று சொல்லும் அறைகள் பெரிய நகரங்களில் உண்டு. எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவை வேண்டாம். மாணவர் விடுதிக்கு, அட்மிஷன் வந்த அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும்.

அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, கீழே இருக்கும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுவது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். வங்கி ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வருகின்றன.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில் நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் சிக்கல். மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே எல்லாக் கடிதமும் குடும்பப் பெயருக்கே வரும். செல்வி என்ற பெண்ணுக்கு, அவள் அப்பா முருகேசன் பெயரில் கடிதம் வரும். பெட்டியில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். விமான டிக்கெட், பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துகள் அப்படியே இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் ஒரு முறை சரிபாருங்கள்.

“ஓரியன்டேஷன் வாரம் சும்மா ஆட்டம் பாட்டம்தான். கிளாஸ் தொடங்கும்போது போனால் போதும்.”

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்கிறது. டிக்கெட் விலை குறையட்டும், தீபாவளி முடியட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவராகப் பதிவு செய்துகொள்ளக் கடைசித் தேதி அட்மிஷன் லெட்டரில் இருக்கும். அது தாண்டினால் இடமே போகலாம். வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் தொடங்கும். அறிமுக வாரம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

நகரைச் சுற்றிக் காட்டுவதும் விருந்தும் அந்த வாரத்தில் உண்டுதான். ஆனால் தேர்வு விதிகளை உங்கள் துறையில் இருப்பவர்கள் உட்கார்ந்து விளக்குவதும் அதே வாரத்தில்தான். நம் கல்லூரியில் இன்டர்னல் மார்க் கைகொடுக்கும், ஹால் டிக்கெட் வீடு தேடி வராத குறையாகக் கிடைக்கும், அரியர் வைத்தாலும் பிறகு எழுதிக் கிளியர் பண்ணலாம். அங்கே பல பாடங்களில் முழு மதிப்பெண்ணும் கடைசி ஒரே தேர்வில்தான். அந்தத் தேர்வுக்கு நீங்களே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு, தேர்வுக்கு வாரக்கணக்கில் முன்பே மூடிவிடும். வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் போயிருந்தாலும் பதியாதவர் எழுத முடியாது. பேராசிரியரிடம் கெஞ்சியும் பயனிருக்காது, அது அவர் கையில் இல்லை.

ஒரு பாடத்துக்குப் பல இடங்களில் மொத்தமே மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதே படிப்பில் வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர்வதும் பொதுவாக முடியாது. அரியரைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை முதல் வாரத்திலேயே யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும். மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி.

“டாக்குமென்ட் எல்லாம் பெரிய பெட்டியில் பத்திரமாக இருக்கு.”

எல்லையில் அதிகாரி அட்மிஷன் லெட்டர், காப்பீடு, பணத்துக்கான சான்று, தங்கும் முகவரி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்போது பெட்டி உங்களிடம் இருக்காது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அசல் சான்றிதழ்கள், அவற்றைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று, மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான்.

சாப்பாட்டுப் பொருளில் நெய், பால்கோவா, கருவாடு அல்லாத அசைவத் தொக்கு எதுவும் வேண்டாம். இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். காயவைத்துப் பொடித்து எடுத்துச் செல்லுங்கள்.

“அங்கே படிப்பு இலவசம்.”

பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் கட்டணம் மட்டும் உண்டு. ஆனால் ஹைடெல்பெர்க், ஸ்டுட்கார்ட் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் இந்தியர் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் விதிக்கிறது.

கடைசியாக, டிக்கெட் போடும்போது நல்ல நாள் பாருங்கள். கூடவே அங்கே போய் இறங்கும் கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், விடுதிச் சாவியைப் பெரும்பாலும் வார நாட்களில் அலுவலக நேரத்தில்தான் தருவார்கள். திங்கள், செவ்வாயில் காலையில் இறங்குவது நல்லது. புதியவர்களுக்குத் துணையாக மூத்த மாணவர் ஒருவரை ஒதுக்கித்தரும் திட்டம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் போதும், பணம் எதுவும் இல்லை. கன்சல்டன்ஸி சொல்லவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.