நீண்ட தூரம் ஓடிய பிக்கப் வண்டியின் எஞ்சினும் தடுப்புப் பராமரிப்பும்

பழுதடைந்த பின்னர் ஓர் இயந்திரத்தைத் திருத்துவது திருத்தப் பராமரிப்பு ஆகும். பழுதடைவதற்கு முன்னரே குறித்த காலத்தில் அல்லது குறித்த தூரத்தில் பரிசோதித்தும், பகுதிகளை மாற்றியும் வருவது தடுப்புப் பராமரிப்பு எனப்படும். இவ்வரைவிலக்கணத்தை மாணவர் பலரும் மனனம் செய்து வைத்திருப்பர். ஆயினும், “நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் ஒரு பகுதியை ஏன் கழற்றி மாற்ற வேண்டும்?” என வினவினால் விடை தடுமாறும். இப்பாடத்தில் அவ்வினாவையே எடுத்துக்கொள்வோம்.

உதாரணமாக, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டிகளில் பொருத்தப்பட்ட 3எல் வகை டீசல் எஞ்சினைக் கருதுக. இது நான்கு உருளைகளைக் கொண்ட, நான்கு அடிப்பு எஞ்சின். கொள்ளளவு 2779 கன சென்ரிமீற்றர். இவ்வகை வண்டிகள் இலங்கையில் மரக்கறி, மீன், சீமெந்து என எல்லாவற்றையும் ஏற்றி இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடியவை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீளத் தொடங்கும் வரை, கையிலுள்ள பழைய வண்டியைப் பேணுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அறிகுறி காட்டும் பகுதிகள்

எஞ்சினின் பல பகுதிகள் தேயும்போது முன்கூட்டியே அறிகுறி காட்டும். வெளியேறும் புகையின் நிறம் அவற்றுள் முக்கியமானது.

கரும்புகை: எரிபொருளுக்குப் போதிய வளி கிடைக்கவில்லை அல்லது எரிபொருள் மிகையாகச் செலுத்தப்படுகின்றது. முதலில் வளி வடியைப் பார்க்க வேண்டும். கிரவல் வீதியில் ஓடும் வண்டியில் அது விரைவில் தூசியால் அடைபடும்.

நீலப்புகை: உராய்வு நீக்கி எண்ணெய் தகன அறையினுள் சென்று எரிகின்றது. முசல வளையங்கள் தேய்ந்த, நீண்ட தூரம் ஓடிய எஞ்சினில் இது சாதாரணம்.

வெண்புகை: டீசல் முற்றாக எரியவில்லை அல்லது குளிர்த்தும் நீர் உருளையினுள் கசிகின்றது. குளிர்ந்த காலை நேரத்தில் எஞ்சினை இயக்கியவுடன் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் அது பழுதன்று. எஞ்சின் சூடேறிய பின்னரும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற வெண்ணிறக் களி மிகையாகப் படிந்திருந்தால் எண்ணெயுடன் நீர் கலந்திருக்கலாம். உருளைத் தலைக் கஸ்கற் பழுதடைந்திருக்கலாம். தலையே வெடித்திருக்கவும் கூடும். இதற்குப் பெரும்பாலும் காரணம், ரேடியேற்றரில் நீர் குறைந்து எஞ்சின் மிகையாக வெப்பமேறியமையே. நீர்மட்டத்தைத் தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சூடான எஞ்சினின் ரேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஆகாது. அமுக்கத்தில் உள்ள கொதிநீர் முகத்தில் சீறும்.

எண்ணெய் பற்றி மாணவர் விடும் பிழை ஒன்று உண்டு. “எண்ணெய் கறுத்ததும் மாற்ற வேண்டும்” என எழுதுவர். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில நாட்களிலேயே புகைக்கரியால் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்கி வைத்திருப்பது எண்ணெயின் வேலைகளுள் ஒன்று. ஆகவே நிறத்தை நம்பாமல் தூரத்தைக் கொண்டே மாற்ற வேண்டும். இத்தகைய எஞ்சின்களுக்குப் பொதுவாக 5000 கி.மீ. ஓடியதும் எண்ணெயும் எண்ணெய் வடியும் ஒருங்கே மாற்றப்படும். நீலப்புகை விடும் எஞ்சினில் இடையிடையே மட்டம் குறையும். அதற்கு ஊற்றி நிரப்புவது எண்ணெய் மாற்றியதாகக் கொள்ளப்படாது.

அறிகுறி காட்டாத பகுதி

இவ்வெஞ்சினில் கிராங் தண்டின் சுழற்சி, பற்கள் கொண்ட ஓர் இறப்பர் பட்டியின் மூலம் கேம் தண்டுக்கும் டீசல் பம்பிக்கும் கடத்தப்படுகின்றது. இது ரைமிங் பெல்ற் எனப்படும். கிராங் தண்டு இரு முறை சுழலும்போது கேம் தண்டு ஒரு முறை சுழலும். இதனால் வால்வுகள் உரிய கணத்தில் திறந்து மூடுகின்றன.

இப்பட்டி பெரும்பாலும் சத்தமிடாது, புகை விடாது, வண்டியின் இழுவையையும் குறைக்காது. மூடியின் உள்ளே இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்தால் நிகழ்வதைக் கணித்துப் பார்ப்போம்.

முசலத்தின் அடிப்பு நீளம் 96 மி.மீ. நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 22:1. முசலம் உச்சியில் உள்ளபோது எஞ்சும் கனவளவு முழுவதும் அதன் மேலே தட்டையாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், அதன் உயரம்

96 ÷ (22 – 1) = 4.6 மி.மீ. (அண்ணளவாக)

உண்மையில் அக்கனவளவின் பெரும்பங்கு உருளைத் தலையிலுள்ள சுழல் அறையில் இருப்பதால் முசலத்துக்கு மேலுள்ள இடைவெளி இதனிலும் மிகக் குறைவு. திறந்த வால்வு ஒன்று நிற்பதற்கு அங்கே இடமில்லை. பட்டி அறுந்ததும் கேம் தண்டு நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். கிராங் தண்டோ உடனே நிற்பதில்லை. நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் முசலம் செக்கனுக்கு 50 தடவை உச்சிக்கு வரும். வால்வுகள் வளையும், முசலம் அடிபடும், உருளைத் தலையைக் கழற்ற நேரிடும். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் திருத்தி முடியும் வரை வருமானமும் இல்லை. ஒரு பட்டியின் விலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனவேதான் இப்பட்டி 100 000 கி.மீ. ஓடியதும், பார்வைக்கு நல்லதாக இருப்பினும், மாற்றப்படுகின்றது. இழுவிசை தரும் உருளியையும் அவ்வேளையில் மாற்றுவது நன்று. கிராங் தண்டின் முன்பக்க எண்ணெய்த் தடுப்பு வளையம் கசிந்தால் அதனையும் மாற்ற வேண்டும். எண்ணெய் பட்ட இறப்பர், குறித்த தூரம் வரை தாங்காது.

இவ்வண்டிகள் பலவற்றின் முகப்புத் தட்டில் ரைமிங் பெல்ற் விளக்கு ஒன்று உண்டு. அது பட்டியின் நிலையை உணர்வதில்லை. ஓடிய தூரத்தை மட்டுமே எண்ணுகின்றது. பட்டியை மாற்றாமலே யாரேனும் விளக்கை அணைத்திருந்தால் அடுத்த 100 000 கி.மீ. வரை அது மௌனமாக இருக்கும். கைமாறிய வண்டியில் பட்டி மாற்றிய பதிவு இல்லையெனில், மாற்றப்படவில்லை எனக் கொண்டு உடனே மாற்றுவதே முறை.

மாதிரி வினா

ஒரு பிக்கப் வண்டியின் தூரமானி 287 400 கி.மீ. காட்டுகின்றது. ரைமிங் பெல்ற் இறுதியாக 201 000 கி.மீ. இல் மாற்றப்பட்டது. வண்டி மாதத்தில் 25 நாட்கள், நாளொன்றுக்கு 80 கி.மீ. ஓடுகின்றது. பட்டியை எத்தனை மாதங்களுக்குள் மாற்ற வேண்டும்?

விடை:
பட்டி ஓடிய தூரம் = 287 400 – 201 000 = 86 400 கி.மீ.
எஞ்சிய தூரம் = 100 000 – 86 400 = 13 600 கி.மீ.
மாதத்தில் ஓடும் தூரம் = 25 × 80 = 2000 கி.மீ.
காலம் = 13 600 ÷ 2000 = 6.8 மாதங்கள்

விடையை 7 மாதங்கள் என மட்டந்தட்டி எழுதுவது கணிதத்தில் பொருந்தலாம், இங்கு பிழையாகும். 7 மாதங்களில் வண்டி 14 000 கி.மீ. ஓடிவிடும். ஆறாவது மாத முடிவுக்குள் மாற்ற வேண்டும் என எழுதுக.

பயிற்சி

1. மேற்படி வண்டியில் எண்ணெய் இறுதியாக 283 900 கி.மீ. இல் மாற்றப்பட்டது. அடுத்து மாற்ற இன்னும் எத்தனை வேலை நாட்கள் உள்ளன?

2. “எண்ணெய் தொடர்ந்து ஊற்றி வருகின்றேன், ஆகவே மாற்றத் தேவையில்லை” என்கிறார் சாரதி ஒருவர். இக்கூற்று ஏன் தவறானது என விளக்குக.

3. வளி வடி, ரைமிங் பெல்ற் ஆகிய இரண்டில் எதனைப் பார்வையிட்டு மாற்றலாம், எதனைத் தூரக்கணக்கின்படி மாற்ற வேண்டும்? காரணம் தருக.