தவறியதையும் எழுது



தம்பி, மாவட்டப் பளுதூக்கும் போட்டியில் ஸ்நாட்ச் தூக்கை எந்த எடையில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதை உன் பயிற்சி நோட்டுதான் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். தூக்கியதெல்லாம் இருக்கிறது, தவறவிட்டது ஒன்றுகூட இல்லை.

தவறியதையும் எழுது. பார் முன்னால் விழுந்ததா, பின்னால் போனதா, முழங்கை மடங்கியதா என்று இரண்டு சொல் போதும். பாரைக் கீழே வைத்த கையோடு குறித்துவிடு. இரவில் யோசித்து எழுதினால், நடந்ததை விட்டு விரும்பியதை எழுதுவோம். எடையை எழுதும்போது பாரையும், தட்டுகளைப் பூட்டும் காலரையும் சேர்த்தே போடு. ஆண்களுக்கான பார் 20 கிலோ, போட்டிக் காலர் ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. பயிற்சியில் காலர் மாட்டினாயா இல்லையா என்று தெரியாவிட்டால் கணக்கு 5 கிலோ பிசகும். அன்றைய உடல் எடையும் தூக்கமும்கூட வேண்டும்.

போட்டியில் ஸ்நாட்ச்சுக்கு மூன்றே வாய்ப்பு. ஒரு எடையில் தவறினால் அதற்குக் கீழே இறங்கிவர முடியாது. மூன்றும் போனால் அடுத்த தூக்கான கிளீன் அண்ட் ஜெர்க்கில் எவ்வளவு தூக்கினாலும் மொத்தக் கணக்கு கிடையாது. அதனால் உன் மிகச் சிறந்த நாளை மறந்துவிடு. கடைசி ஆறு வாரத்தைப் புரட்டு. தூக்கம் கெட்ட நாளிலும், கால் கனத்த நாளிலும் தவறாமல் ஏறிய எடை எதுவோ, அதில் தொடங்கு. தவறியவற்றை எழுதாதவனுக்கு இந்த எடை தெரியவே தெரியாது.

தூக்கும் எடை இறங்கினால் பலர் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். எடை இறங்குவது தோல்வி அல்ல. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் தொடைக் காயத்திலிருந்து மீண்டு வந்து தூக்கியது 317 கிலோ. அதுவும் தங்கம்தான். உடம்பு அன்றைக்கு என்ன தருமோ அதை அறிந்து தூக்குவதும் இந்த விளையாட்டின் திறமை.

காயம்பட்ட நாட்களில் இன்னும் கவனமாக எழுது: எந்த எடைவரை வலியில்லை, எந்த அசைவில் வலிக்கிறது என்று. ஒரே இடத்து வலி இரண்டு வாரம் தொடர்ந்து நோட்டில் வந்தால் எடை கூட்டாதே. நோட்டை எடுத்துக்கொண்டு நேரே உன் மாஸ்டரிடம் போ.