சைக்கிள் வாங்குமுன் பூட்டுபவரைத் தேடுங்கள்

மகளுக்கு ஆன்லைனில் வாங்கிய சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்தது. முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் எல்லாம் தனித்தனியாக இருந்தன. நானே பூட்டினேன். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும், இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும் என்பது எனக்குத் தெரியாது. வலப்பக்கம் திருகி கிராங்கின் மரையை அழித்துவிட்டேன். கிராங்கையே மாற்ற வேண்டியதாயிற்று. அதிலிருந்து, கடையா ஆன்லைனா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, யார் பூட்டித் தரப்போகிறார்கள் என்பதுதான்.

அதற்கும் முன்னால் அளவு பார்க்க வேண்டும். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு நோட்டைக் கால்களுக்கிடையில் மேலே அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வண்டியின் மேல்பார் அதைவிட ஒன்றிரண்டு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். 26, 27.5, 29 என்று போட்டிருப்பது சக்கரத்தின் அளவு. ஃப்ரேம் அளவு வேறு. அதைக் குறிப்பிடாத வண்டியை ஆன்லைனில் வாங்காதீர்கள். "வளர்ற பிள்ளைதானே, பெரிசா எடுத்துக்கலாம்" என்பது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்குக் கூடவே கூடாது. சீட்டில் உட்கார்ந்து கால் ஊன்ற முடியாத பிள்ளை, லாரிக்கு ஒதுங்கும்போது எப்படி நிற்கும்?

அடுத்து, விலை பார்ப்பதற்குள் உங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் போங்கள். பெட்டியில் வரும் வண்டியைப் பூட்டித் தருவாரா, கூலி எவ்வளவு, அந்த அளவு ட்யூபும் டிஸ்க் பிரேக் கட்டையும் அவரிடம் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தக் கூலியைச் சேர்த்த பிறகுதான் ஆன்லைன் விலையைக் கடை விலையோடு ஒப்பிட வேண்டும். கியரையும் யோசியுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் சமதரையில் பள்ளிக்கூடம் போய்வர கியர் தேவையே இல்லை. ஊட்டி, கொடைக்கானல் என்றால் கட்டாயம் வேண்டும்.

கடையில் வாங்கினால் அங்கேயே சோதித்துவிடலாம். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் சக்கரத்தில் கோட்டம் இருக்கிறது. உடனே எடுத்துத் தரச் சொல்லுங்கள். போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். பிரேக் பிடியை முழுவதும் அழுத்தினாலும் அது ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. சீட் கம்பியில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்குச் சீட்டை உயர்த்தக்கூடாது. பிறகு தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

நல்ல கடை இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன்தான் வழி, அதில் தவறில்லை. ஆனால் பூட்டிய வண்டியைத் திருப்பி எடுப்பார்களா என்பதை ஆர்டர் போடுமுன் படித்துவிடுங்கள். பெட்டி வந்ததும் கிழிசல், நசுங்கல் இருந்தால் படமெடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஃபோர்க்கும் பின்பக்கக் கியர் தொங்கும் கொக்கியும்தான் வழியில் எளிதில் வளைபவை. குறை இருந்தும் விற்றவர் கேட்கவில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம்.

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, அதைச் சரிபாருங்கள். பெரும்பாலும் கிராங்க் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃப்ரேம் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வண்டி திருடு போனால் காவல் நிலையத்தில் காட்ட அதுதான் அடையாளம்.

மூன்று நான்கு வாரம் ஓட்டியதும் புதுக் கம்பிகள் தளரும், பிரேக் கேபிள் இழுபடும். அப்போது பூட்டியவரிடமே கொண்டுபோய் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கி வாங்குங்கள்.